ஒரு வாஷரைக்கூட விடாதவர்

பீர்க்கன்கரணையிலிருந்து ஆபீசுக்கு எப்படி வந்தீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. எங்கள் ஆபீசில் இது எழுதாத சட்டம். சட்டம் வரக் காரணமே நான்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசி வைப்போமே என்று, "எப்படி வந்தீங்க சார், டிரெயினா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"டிரெயின்தான் மேடம். ஏழு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். கேட்டுல மேல் கொக்கி கொஞ்சம் டைட்டு, அதனால கீழ்க் கொக்கி மட்டும் போட்டேன்..."

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் அவருக்கு முன்னால் டிக்கெட் வாங்கியவரின் சட்டையில் இரண்டாவது பட்டன் மட்டும் வேறு கலர். தாம்பரத்தில் ஏறிய அம்மாள் வைத்திருந்த பையில் ஒரு கைப்பிடி அறுந்து சணல் கட்டியிருந்தது, சணலில் மூன்று முடிச்சு. சானடோரியத்தில் வண்டி நின்றபோது ஜன்னலுக்கு நேரே ஒரு தூண், அதில் பெயிண்ட் உரிந்த இடம் இலங்கை மாதிரி இருந்தது. அவர் குரோம்பேட்டையில் இறங்கி, பாத்திரக்கடை ஓரமாகப் படியேறி, என் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் என் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. "இப்ப உங்க முன்னாடி நிக்கறேன் மேடம்" என்று முடித்தார்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கம்மி. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பத்து நிமிஷம் நீண்டால் போதகரையே முறைப்பேன் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தலையில் இப்படி ஒரு மனிதரைக் கட்டினால் என்ன ஆகும்? அன்று சாயங்காலம் எம்.டி.யிடம் போய், "சார், இவர் ரொம்ப நல்லவரு. ஆனா எனக்கு வேணாம்" என்றேன். எம்.டி. சிரித்தார். "டூல் ரூம்ல இருபது வருஷம் இருந்தவரும்மா. அவருக்குத் தெரியாத இரும்பு கிடையாது. பாரு, அசந்துடுவ."

அசந்துதான் போனேன்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் அதை விளக்கி எங்கள் சொந்தக்காரர்களுக்கே புரியவைக்க முடிந்ததில்லை. கார்த் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு ரோபோவை வாங்கி நிறுத்துவதற்கு முன்னால், அதைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். கை எதுவரை எட்டுகிறது, எதில் இடிக்கிறது என்று. சிமுலேஷன் என்பார்கள். அதற்குத் தொழிற்சாலையில் ரோபோவைச் சுற்றி இருக்கும் சாமான் எல்லாம் கம்ப்யூட்டரில் மாடலாக வேண்டும். மாடலைக் கட்டுவது அவர் வேலை. அந்த மாடலை இழுத்து வந்து சிமுலேஷனுக்குள் போட்டு ரோபோவை ஆட்டுவிப்பது என் வேலை. ஒரே ஒரு நிபந்தனை. நிஜ ரோபோ ஒரு கதவை ஏழு நொடியில் வெல்டிங் செய்தால், திரையிலும் அதே ஏழு நொடியில் செய்ய வேண்டும்.

இதில்தான் வில்லங்கம். கம்ப்யூட்டருக்கு வளைவு என்றால் தெரியாது. எதைக் கொடுத்தாலும் குட்டிக் குட்டி முக்கோணங்களாக வெட்டித்தான் பார்க்கும். தட்டையான இரும்புப் பலகைக்குப் பத்துப் பன்னிரண்டு முக்கோணம் போதும். ஒரு போல்ட்டின் மரைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். ரோபோ விரலை அசைக்கும்போதெல்லாம் அத்தனையையும் அது மறுபடி வரைந்து தீர்க்க வேண்டும், பாவம். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் முதல் காரியமாக மாடலில் இருந்து போல்ட்டுகளைத் தூக்கி எறிவார்கள்.

இவர் எறிய மாட்டார்.

கார்க் கதவை வெல்டிங்குக்காக அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஃபிக்ஸ்சர் என்போம். அதன் மாடலைத்தான் அவர் முதலில் கட்டினார். மூன்று வாரம் தலை நிமிரவில்லை. முடித்துவிட்டுக் கூப்பிட்டார். ஒவ்வொரு போல்ட்டும் மரை சுற்றி இறங்கியிருந்தது. போல்ட்டின் தலையில் செய்தவன் பொறித்த இரண்டு எழுத்து இருந்தது. போல்ட்டுக்குக் கீழே வாஷர். ஓரமாக ஒரு தகரத் தடுப்பு, அதில் ஒரு நசுங்கல்.

"இது என்ன சார், நசுங்கியிருக்கு?"

"அவங்க அனுப்பின ஃபோட்டோல இருக்கு மேடம். யாரோ தள்ளுவண்டியால இடிச்சிருக்காங்க. இடிச்ச உயரத்தைப் பார்த்தா சின்ன சக்கரம் வெச்ச வண்டி."

"நசுங்கல் நமக்கு எதுக்கு சார்?"

"இருந்துச்சு மேடம். இருந்ததை எப்படி இல்லைன்னு சொல்றது?"

அவருடைய வேதவாக்கு இதுதான். எதற்கும் இதைச் சொல்வார். விட்டுச் சொன்னால் பொய் சொன்ன மாதிரி அவருக்கு.

மாடலைச் சிமுலேஷனுக்குள் கொண்டுவந்தேன். முதலில் ரோபோவும் ஃபிக்ஸ்சரும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வந்தன. எங்களுடைய ஒரு மென்பொருளில் மேல் என்பது ஒரு பக்கம், இன்னொன்றில் வேறு பக்கம். சகஜம்தான், நிமிர்த்திக்கொள்ளலாம். இவர் பின்னால் நின்று, "அடடா, விழுந்துடுச்சே. எதுவும் உடையலையே மேடம்?" என்று பதறினார். நிமிர்த்தி, ஓடு என்று கட்டளை கொடுத்தேன். ரோபோவின் தோள் ஒரு இழை அசைந்தது. நின்றது. இன்னொரு இழை அசைந்தது.

கீழே போய் காபி குடித்துவிட்டு, தபால் வந்ததா என்று பார்த்துவிட்டு வந்தேன். முழங்கை வரைக்கும் வந்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் கை பாதி வழி தாண்டவில்லை. கீழே பாத்திரக்கடைக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு வாட்ச்மேன் உண்டு. ரோபோ ஆடப்போகிறது என்று யாரோ சொல்லி, அதைப் பார்க்க இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். கொஞ்ச நேரம் திரையையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாக்கா, இது ஆடிகினு கீதா, இல்ல செத்துப்பூட்ச்சா?"

எம்.டி. அந்த நேரம் பார்த்துத்தானா உள்ளே வர வேண்டும்!

அதற்கப்புறம் எனக்கும் அவருக்கும் தினம் சண்டை. சண்டை என்றால் நான் கத்துவேன், அவர் விளக்குவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், இந்த போல்ட்டு அத்தனையும் எடுத்துட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே திகைத்தார். "எடுத்துட்டா கதவைப் புடிச்சிருக்கிற கிளாம்ப் கழண்டு விழுந்துடுமே மேடம்!"

"கம்ப்யூட்டர்ல எதுவும் விழாது சார்!"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே."

நான் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து நாற்பது வாஷரை அழித்துவிட்டேன். வந்தார், உட்கார்ந்தார், திரையைப் பார்த்தார். "மேடம், யாரோ என் மாடல்ல கை வெச்சிருக்காங்க" என்றார். வீட்டில் திருடன் வந்துபோன மாதிரி முகம். சாயங்காலத்துக்குள் நாற்பதையும் திரும்பப் பொருத்திவிட்டார்.

அவருடைய ஆறு மாதச் சோதனைக் காலம் முடியும் தறுவாயில் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "அடுத்த வியாழக்கிழமை கஸ்டமர் நேர்ல வர்றாங்க. ஃபிக்ஸ்சரை ரியல் டைம்ல, அதே ஏழு செகண்டுல ஓட்டிக் காட்டணும். ஓடினா மூணு வருஷத்துக்கு வேலை. ஓடலைன்னா அவரை அனுப்பிடலாம். நீயே பக்குவமா சொல்லிடு."

பக்குவத்துக்கு நான் எங்கே போவேன்? நேரே போய்ச் சொல்லிவிட்டேன். "சார், வியாழக்கிழமை இது ஓடணும். ஓடலைன்னா உங்களை நிறுத்திடுவாங்க. ரோபோ தொடாத சாமான் எதுவும் மாடல்ல இருக்கக் கூடாது. தேவையானது மட்டும். புரியுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார். முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு மூன்று வருஷம் அவர் வீட்டில்தான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

"இங்கேயும் இல்லைன்னா வேற எங்க மேடம் போறது?" என்றார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மறுநாள் ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர் வீட்டில் ஃபோன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு செம்பாக்கத்திலிருந்து பீர்க்கன்கரணைக்குக் கிளம்பினேன். சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்திருந்தார். நான்கு தாளை ஒட்டிய படம். ஸ்கூட்டியில் போய்க்கொண்டே பிரித்துப் பார்க்கிற சமாசாரமா அது? அதில் ஏரிக்கரை இருந்தது, கரையோரம் எல்லா மின்கம்பமும் எண்ணோடு இருந்தது, குழாயடியில் உடைந்த குடம் இருந்தது. ‘எருமை கட்டியிருக்கும் இடத்தில் இடப்பக்கம் திரும்பவும்’ என்று எழுதி எருமையும் வரைந்திருந்தார், ஒரு கொம்பு வளைந்து. நான் போன அன்று எருமையை எங்கேயோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏரியை இரண்டு சுற்று சுற்றினேன். கடைசியில் ஒரு பெட்டிக்கடையில், "எல்லாத்தையும் நீட்டி முழக்கிச் சொல்வாரே, ஒரு சார்..." என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் முடிக்க விடவில்லை. "பச்சை கேட்டு" என்று கையைக் காட்டினார். ஊரே அறிந்த புகழ்.

அவருக்குக் காய்ச்சல். போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியை அன்றுதான் பார்த்தேன். ஒடிசலாக, வெடுக்கென்று பேசுகிற பெண்மணி. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

"காய்ச்சல் எல்லாம் ஒண்ணுமில்ல மேடம். போல்ட்டை எடுக்கணும்னு நீங்க சொல்லிட்டீங்களாம், அதான். தூக்கத்துல எல்லாம் புலம்பல். ‘இது பாவம், இது வேணாம்’னு."

"நீங்க எப்படிம்மா இவரோட காலம் தள்றீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்துட்டுப் போனப்ப இவங்க அம்மா கேட்டாங்களாம், பொண்ணு எப்படிடான்னு. இவரு என்ன சொல்லணும்? புடிச்சிருக்கு, புடிக்கலை, அவ்வளவுதானே? ‘இடது புருவத்துல ஒரே ஒரு முடி மட்டும் எதிர்ப்பக்கமா திரும்பியிருக்கும்மா’ன்னாராம். மாமியார் பயந்து போய், அது என்ன தோஷமோ ஏதோன்னு ஒரு மாசம் இழுத்தடிச்சாங்க." என் பக்கத்தில் வந்து குனிந்து புருவத்தைக் காட்டினார். நிஜம்தான், ஒரு முடி எதிர்ப்பக்கம் திரும்பித்தான் இருந்தது. "இருபத்திரண்டு வயசு வரைக்கும் எனக்கே தெரியாது மேடம் அது. அன்னைக்கு அரை மணி நேரம் பார்த்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு."

போர்வைக்குள்ளிருந்து அவர், "நாற்பது நிமிஷம்" என்று திருத்தினார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல் வரை வந்தார். குரல் தணிந்திருந்தது. "வேலை போயிடாதே மேடம்? இவரு வீட்ல இருந்த மூணு வருஷம் ரொம்பக் கஷ்டம். பேச ஆள் இல்லாம, என்கிட்ட ஜன்னலுக்கு வெளியே நடக்கறதைச் சொல்லிக்கிட்டே இருப்பாரு." வேலை போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கும் வாய்க்கொழுப்புதான்.

திங்கட்கிழமை வந்தார். உட்கார்ந்தார். எடுக்க ஆரம்பித்தார். யாரிடமும் பேசவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள், "மேடம், சார் மரை கழட்டறாரு" என்று கிசுகிசுத்துச் சிரித்தார்கள். நான் முறைத்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் இடத்தை விட்டு எழவில்லை. வியாழக்கிழமை காலை, கஸ்டமர் கீழே காரில் வந்து இறங்குகிற நேரத்தில்தான் மாடலை என்னிடம் கொடுத்தார். "எடுத்துட்டேன் மேடம். பாருங்க, ஒண்ணுகூடக் கிடையாது."

பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது ஃபிக்ஸ்சர். ஒரு போல்ட் இல்லை, வாஷர் இல்லை, நசுங்கல் தடுப்பையும் காணோம். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடகடவென்று சிமுலேஷனுக்குள் ஏற்றினேன். ஏறுவதற்குள் வந்தவர்களுக்கு இளநீர் கொடுத்து, கம்பெனி வரலாறு சொல்லி, அதற்கு மேல் சொல்ல வரலாறு இல்லாமல் எம்.டி. வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று வெளிநாட்டுக்காரர்கள், ஷூவைக் கழற்றச் சொன்னதால் சாக்ஸோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நம்மவர் கதவோரம் நின்றிருந்தார்.

ஓடு என்றேன். ரோபோவின் தோள் ஒரு இழை அசைந்தது. நின்றது.

இத்தனை சுத்தமான மாடலுக்கு இந்தக் கம்ப்யூட்டர் எதைச் சுமந்துகொண்டு இப்படி மூச்சு வாங்குகிறது? எம்.டி. என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தலை நரைத்த கஸ்டமர் ஒருவர் சாந்தமாக, மாடலில் இருக்கிற எல்லாவற்றையும் ஒருசேரக் காட்ட முடியுமா என்றார். அதற்கு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினேன்.

ஃபிக்ஸ்சர், ரோபோ எல்லாம் சுருங்கி, சுருங்கி, திரையின் இடது மூலையில் கடுகளவு புள்ளியாகிவிட்டது. நடுவில் முழுக்க வெறும் பொட்டல். வலது மூலையில் இன்னொரு புள்ளி.

அது என்ன? அதை நோக்கிக் கிட்டே போனேன். போய்க்கொண்டே இருந்தேன். புள்ளி பெரிதாயிற்று. ஆண்டவரே! அங்கே எங்கள் போல்ட்டுகள் அத்தனையும் இருந்தன. பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசை வரிசையாக, தலை கீழே மரை மேலே வைத்து, சின்னது ஒரு வரிசை, பெரியது ஒரு வரிசை. வாஷர்கள் பத்துப் பத்தாக அடுக்கி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கே இருந்தது என்று சின்னதாக ஒரு சீட்டு. ஓரத்தில் அந்தத் தகரத் தடுப்பு, நசுங்கல் மேலே தெரியும்படி.

அழிக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருந்தார் மனிதர். எங்கே வைத்தாலும் கம்ப்யூட்டர் அத்தனையையும் வரைந்துதான் தீர வேண்டும். ரோபோ குரோம்பேட்டையில் என்றால், போல்ட்டுகள் சானடோரியத்தில்.

"சார்..." என்றேன்.

"குறுக்கே வராதுன்னு தள்ளி வெச்சேன் மேடம்" என்றார் கதவோரத்திலிருந்து. "கையில படாதே. ரோபோவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது."

கஸ்டமர் இது என்ன என்று கேட்டார். எம்.டி. கண்ணிமைக்கவில்லை. "அது எங்க ஸ்பேர் ஸ்டோர்" என்றார் ஆங்கிலத்தில். வந்தவர் தலையாட்டி அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எம்.டி. சிரித்த முகம் மாறாமல் தமிழில், "அஞ்சு நிமிஷத்துல அது போகணும். இல்லைன்னா ரெண்டு பேரும் கிளம்பலாம்" என்றார்.

நான் ஒரே அமுக்கில் அழித்திருக்கலாம். ஏனோ கை வரவில்லை. எழுந்து நாற்காலியை அவருக்குத் தள்ளினேன். "நீங்களே எடுத்துடுங்க சார்."

அவர் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தார். அழி என்றார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அமுக்கினார். போய்விட்டது.

அதற்கப்புறம் ரோபோ ஆடியது பாருங்கள், ஒரு ஆட்டம்! சுழன்று, குனிந்து, கதவில் பொறி வைத்து நிமிர்ந்தது. நரைத்த தலைக்காரர் கையில் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏழு நொடி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எம்.டி. என் முதுகில் தட்டவே வந்துவிட்டார், கடைசி நேரத்தில் பெண் என்று ஞாபகம் வந்து மேஜையைத் தட்டினார். நம்மவர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. வெளியே பால்கனியில் நின்று ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை நிரந்தரமானது. நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் மாறிவிட்டார். அவர் கையிலிருந்து வந்த அடுத்த மாடல் எலும்பும் தோலுமாக, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி ஓடியது. அதற்கடுத்ததும் அப்படியே. பேச்சும் குறைந்தது. "எப்படி வந்தீங்க சார்?" என்று ஒருநாள் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன். "டிரெயின்ல மேடம்" என்றார். அவ்வளவுதான். ஆபீசே என்னை வந்து பாராட்டியது. அடுத்த நாலு மாதத்தில் ஒரு மனிதரைத் திருத்திவிட்டேன் என்று நானும் நெளிந்து நெளிந்து சிரித்தேன். என்ன ஒரு முட்டாள் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புக் கடிதம் கொடுத்தார். ‘நாளை ஒரு நாள் விடுப்பு தேவை.’ கீழே கையெழுத்து. முன்பெல்லாம் அவர் விடுப்புக் கடிதம் இரண்டு பக்கத்துக்குக் குறையாது, வயிற்றுவலி என்றால் முந்தின நாள் சாப்பிட்ட குழம்பிலிருந்து தொடங்குவார். நான் அந்தக் கடிதத்தை எம்.டி.யிடம் கொண்டுபோய்க் காட்டி, "பார்த்தீங்களா சார், எப்படி ஆக்கிட்டேன்!" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். படியில் வாட்ச்மேன் எதிரே வந்தார். அவருக்கும் பீர்க்கன்கரணைதான், அடுத்த தெரு.

"இன்னாக்கா, நீ இங்கியே கீற? ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"சார் சம்சாரத்துக்கு இன்னிக்கு ஹார்ட்டு ஆப்ரேசன்க்கா. காலீல இட்டுகினு போனாரே. உங்கிட்ட சொல்லலியா?"

கைப்பையை எடுக்கக்கூட மேலே போகவில்லை. வாட்ச்மேனிடம் ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கிண்டிக்கு அப்பால் பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த அம்மாளின் செருப்பு, பிளாஸ்டிக் பையில் சுற்றியது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. "என்ன சார் இது? இவ்வளவு பெரிய விஷயம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் எழுந்து நின்றார். அப்போதும் அந்த மரியாதையை விடவில்லை. "நீங்கதானே மேடம் சொன்னீங்க, தேவையானது மட்டும் போதும்னு. லீவுதான் தேவையா இருந்துச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்களாம், இன்னும் யாரும் வெளியே வரவில்லையாம். அவர் இரண்டு கையையும் அந்தப் பையின் மேல் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார்" என்றேன்.

"என்ன மேடம்?"

"எல்லாத்தையும்."

"எங்கேர்ந்து?"

"நீங்க எங்கேர்ந்து சொல்வீங்களோ அங்கேர்ந்து."

அவர் என்னை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். முந்தாநாள் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியபோது அடுப்பில் என்ன இருந்தது என்பதிலிருந்து. டாக்டரின் மேஜையில் கிடந்த பேனாவுக்கு மூடி இல்லை. காலையில் ஆட்டோ பிடித்தபோது ஐந்து இருபது. ஆட்டோக்காரர் முழங்கையில் பிளாஸ்திரி. தாம்பரம் பஸ் நிலையத்தில் பூ வாங்கிக் கொடுத்தார். இரண்டு முழம் கேட்டார், பூக்காரி அளந்தது ஒன்றே முக்கால். சானடோரியம் தாண்டும்போது அந்த அம்மாள் அவர் தோளில் சாய்ந்துகொண்டார். சாய்ந்த பக்கம் இடது. குரோம்பேட்டையில் எங்கள் ஆபீஸ் ஜன்னல் மூடியிருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. மணி பார்க்கவில்லை. பேசப் பேச அவர் கதவைப் பார்ப்பதை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

அவர் கதையில் நாங்கள் இன்னும் பல்லாவரம் தாண்டவில்லை, கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. நல்லா இருக்காங்க. சாயங்காலமா ஒருத்தர் மட்டும் போய்ப் பார்க்கலாம்."

ஸ்தோத்திரம் என்று வாய் தானாகச் சொல்லிற்று. அவர் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை தையல் டாக்டர்?"

"என்ன?"

"வெளியில எத்தனை தையல் போட்டீங்க?"

டாக்டருக்கு அலுப்பு. நாலு மணி நேரம் நின்றிருப்பார், பாவம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டேன் இல்ல, போதாதா?" என்று திரும்பினார்.

நான் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"போதாது டாக்டர். அவருக்கு அது வேணும். தயவுசெஞ்சு உள்ளே போய் எண்ணிட்டு வந்து சொல்லுங்க."